அம்மாவின் மறதிக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக மறதி. கேட்டதையே திரும்பக் கேட்கிறார், ரசத்தில் இரண்டு தடவை உப்பு விழுகிறது, போன மாதம் பேங்க் சலானில் தேதி எழுதத் தடுமாறினார். சர்க்கரை 15 வருடமாக உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கடைசியாகப் பார்த்தபோது 1.6. ரத்தத்திலேயே அல்சைமரைக் கண்டுபிடிக்கலாம் என்று செய்தி படித்தீர்கள். அம்மாவுக்கு அதை எடுக்கலாமா, 43 வயதாகும் நீங்களும் கூடவே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள்.

அம்மாவுக்கு எடுக்கலாம், ஆனால் முதல் பரிசோதனையாக வேண்டாம். உங்களுக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை லேபில் பயோகெமிஸ்ட்ரி பார்த்தே தலை நரைத்தவன். ஆகவே குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பரிசோதனைக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று: அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிந்திருக்கிறதா? நீங்கள் கேட்பது வேறு: அம்மா ஏன் மறக்கிறார்? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 71 வயதில், சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருக்கும் ஒருவரிடம், இரண்டுக்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது.

அல்சைமர் என்ற பெயர் வந்த கதையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 1901-ல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் ஆகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அலோய்ஸ் அல்சைமர் பார்த்தார். அந்தப் பெண் 1906-ல் இறந்த பிறகுதான் மூளையை வெட்டிச் சாயமேற்றி, செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டான படிவுகளையும், செல்களுக்கு உள்ளே நூல் சிக்குப்போன்ற முடிச்சுகளையும் கண்டார். திட்டுகள் அமிலாய்டு பீட்டா என்ற புரதம், முடிச்சுகள் டாவ் என்ற புரதம் என்பதெல்லாம் 1980-களில்தான் தெளிவானது. ஆக, வெகுகாலம்வரை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் நோயாளி இறக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது மருத்துவர் சொன்னது அனுபவத்தில் பழுத்த ஊகம்தான்.

அந்த ஊகம் எவ்வளவு தவறும் என்பதற்கு ஓர் உதாரணம். அமிலாய்டை அகற்றுவதற்கான பாபினியூசுமாப் என்ற மருந்தை மிதமான அல்சைமர் உள்ளவர்களிடம் பரிசோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். நிபுணர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நோயாளிகள்தான். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 என்ற மரபணு வகை இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மூளையில் அமிலாய்டே இல்லை! இல்லாத ஒன்றை அகற்ற மருந்து ஏற்றியிருக்கிறார்கள். மருந்து தோற்றதற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் அதற்கப்புறம் அமிலாய்டு இருப்பதை நிரூபிக்காமல் இத்தகைய மருந்துப் பரிசோதனையில் ஆள் சேர்ப்பது அநேகமாக நின்றுபோனது.

நிரூபிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அமிலாய்டில் போய் ஒட்டும் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன். 2002-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதல் மனிதருக்கு எடுத்தார்கள். செலவு கடுமை. அதோடு, கதிரியக்கப் பொருள் சில மணி நேரத்திலேயே வலுவிழந்துவிடும் என்பதால் எல்லா ஊரிலும் வைக்க முடியாது. இன்னொன்று, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பது. நல்ல பரிசோதனைதான். ஆனால் "முதுகில் தண்ணி எடுக்கணும்" என்றதும் பாதிக் குடும்பங்கள் எழுந்து போய்விடும்.

அப்படியானால் ரத்தத்தில் பார்த்தால் என்ன என்று முப்பது வருடமாகப் பலர் முட்டிமோதினார்கள். முடியாமல் போனதற்குக் காரணம் அளவு. ஒரு மில்லி பிளாஸ்மாவில், அதாவது ரத்த அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதியில், அல்புமின் என்ற சாதாரணப் புரதம் மட்டும் 40 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். நாம் தேடும் டாவ் துணுக்கோ ஒரு பிகோகிராமைக்கூட (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தொடாது. எடைக் கணக்கில் பார்த்தால் ஒன்றுக்குப் பத்தாயிரம் கோடி என்ற விகிதத்தில் அல்புமின் மறைத்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் தைராய்டுக்கும் ஹார்மோனுக்கும் பயன்படுத்தும் வழக்கமான கருவிகள் அந்த ஆழத்துக்கு இறங்காது.

இரண்டு உத்திகள் கதவைத் திறந்தன. 2010 வாக்கில் வந்தது சிமோவா என்ற முறை. ஆயிரக்கணக்கான நுண்ணிய காந்த மணிகளை ரத்தத்தில் கலக்கி, ஒவ்வொரு மணியையும் தனித்தனிக் குழியில் உட்காரவைத்து, எத்தனை குழிகள் ஒளிர்கின்றன என்று எண்ணுவது. மொத்த வெளிச்சத்தை அளப்பதை விட்டுவிட்டு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். இன்னொன்று, மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. ஜப்பானின் ஷிமாட்சு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த கோய்ச்சி தனாகா, 1985-ல் கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலை உயர்ந்த பொடியாயிற்றே, வீணாக்குவானேன் என்று அதையே கருவியில் வைத்துப் பார்த்தார். பெரிய புரதங்களை உடைக்காமல் எடைபோடும் வழி அதில்தான் கிடைத்தது. 2002-ல் வேதியியல் நோபல் பரிசு. முனைவர் பட்டம்கூட இல்லாத மனிதர். அவரும் சேர்ந்த ஜப்பானியக் குழுதான் 2018-ல், ரத்தத்தில் உள்ள அமிலாய்டுத் துணுக்குகளை எடைபோட்டு, மூளையில் படிவு உண்டா இல்லையா என்று கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகச் சொல்லலாம் என்று காட்டியது. வீணாக்க மனமில்லாமல் போனதற்கு இவ்வளவு பலன்.

ஆனால் ரத்தத்து அமிலாய்டில் ஒரு குறை இருக்கிறது. அமிலாய்டு பீட்டாவில் 40 அமினோ அமிலம் கொண்டதும், 42 கொண்டதும் உண்டு. படிந்து கெட்டியாவது 42. மூளையில் படியப் படிய வெளியே வருவது குறையும். ஆகவே 42-ஐ 40-ஆல் வகுத்தால் வரும் விகிதம் நோயில் இறங்கும். தண்டுவட நீரில் இது பாதியளவுக்கு இறங்கிவிடும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரத்தத்திலோ வெறும் 10 முதல் 20 சதவீதம்தான் இறங்கும். ஏனென்றால் ரத்தத்தட்டுகள் முதற்கொண்டு உடம்பின் மற்ற இடங்களும் அமிலாய்டைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. 10 சதவீத வித்தியாசத்தில் ஒரு நோயைச் சொல்வது எங்கள் தொழிலில் கத்தி மேல் நடப்பது. கருவி காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி காட்டினாலே தீர்ப்பு மாறிவிடும்.

ஆட்டத்தை மாற்றியது டாவ். நரம்பு இழைகளுக்குள் இருக்கும் குழல்களை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பு மாதிரியான புரதம் இது. நீளமான வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள். அமிலாய்டு படியத் தொடங்கியதும் மூளைச் செல்கள் டாவின் சில இடங்களில் பாஸ்பேட்டை அதிகமாக ஒட்டி வெளியே அனுப்புகின்றன. 181-வது இடத்தில் ஒட்டினால் பி-டாவ் 181, 217-வது இடத்தில் ஒட்டினால் பி-டாவ் 217. செய்தியில் நீங்கள் படித்தது அநேகமாக இந்த 217 ஆகத்தான் இருக்கும். அமிலாய்டு விகிதம்போல பத்து இருபது சதவீதம் இறங்குவதோடு நிற்காமல், இது மடங்குக் கணக்கில் ஏறும். அதனால் கருவி கொஞ்சம் ஆடினாலும் பதில் ஆடாது.

2020-ல் இதைப் பற்றி வந்த முக்கியமான ஆய்வில் ஸ்வீடன், அமெரிக்க நோயாளிகளோடு கொலம்பியாவின் ஒரு பெரிய குடும்பத்தையும் சேர்த்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு மரபணுப் பிழை தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. அதைப் பெற்றவர்களுக்கு 45 வயது வாக்கில் மறதி நிச்சயம். அவர்கள் ரத்தத்தில் பி-டாவ் 217 ஏறத் தொடங்கியது சுமார் 25 வயதில். அதாவது முதல் மறதிக்கு இருபது வருடம் முன்னால். கேட்க ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்த இருபது வருடத்தை மனதில் வையுங்கள், உங்கள் சொந்தக் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

2024-ல் ஸ்வீடனிலிருந்து வந்த இன்னொரு ஆய்வுதான் மருத்துவர்களை உண்மையில் அசைத்தது. மறதிக்காகச் சாதாரண மருத்துவரிடமும் நிபுணரிடமும் வந்த 1,213 பேர். வழக்கம்போலப் பேசி, நினைவுச் சோதனை வைத்து, சிடி ஸ்கேன் பார்த்து இது அல்சைமர்தானா என்று சொல்லச் சொன்னார்கள். குடும்ப மருத்துவர்கள் 61 சதவீதம் சரி. மறதிநோய் நிபுணர்கள் 73 சதவீதம் சரி. பி-டாவ் 217-ஐயும் அமிலாய்டு விகிதத்தையும் சேர்த்த ரத்தப் பரிசோதனை 91 சதவீதம் சரி. நிபுணர்களைக் குறைசொல்ல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே தெரியும் அறிகுறியை வைத்து உள்ளே எந்தப் புரதம் என்று சொல்வது யாராலும் முடியாத வேலை.

2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதல் ரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. ஃபியூஜிரெபியோ நிறுவனத்தின் லூமிபல்ஸ் கருவியில் பி-டாவ் 217-ஐ அமிலாய்டு 42-ஆல் வகுத்துப் பார்ப்பது. அனுமதிக்கான ஆய்வில் 499 பேர். பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு உண்மையில் அமிலாய்டு இருந்தது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு உண்மையில் இல்லை. நல்ல எண்கள். ஆனால் எல்லோருக்கும் பதில் வரவில்லை. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் "இரண்டுங்கெட்டான்" பகுதியில் விழுந்தார்கள். இந்தப் பரிசோதனைக்கு ஒரு எல்லைக்கோடு கிடையாது, இரண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே இல்லை, மேல்கோட்டுக்கு மேலே உண்டு, நடுவே இருந்தால் ஸ்கேனோ முதுகு நீரோ பார்க்க வேண்டும். ஒரே கோடு போட்டு "நார்மல், அப்நார்மல்" என்று மட்டும் அச்சடித்து வரும் ரிப்போர்ட்டைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். அதே ஆண்டு அக்டோபரில் ரோஷ் நிறுவனத்தின் பி-டாவ் 181 பரிசோதனைக்கும் அனுமதி கிடைத்தது. அது முக்கியமாக "இது அல்சைமர் இல்லை" என்று ஒதுக்குவதற்கு.

இரண்டு அனுமதியிலும் ஒரே நிபந்தனை: 55 வயதுக்கு மேல், மறதியின் அறிகுறி ஏற்கனவே இருப்பவர்கள். இதை எந்தச் செய்தித் தலைப்பும் சொல்வதில்லை.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். விகிதம் என்று சொன்னேனே, அது எப்படிக் கெடும் என்று பாருங்கள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுக்கிறார்கள். சீக்கிரமே சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். வைக்காமல் மேசையில் கிடந்தால் அமிலாய்டு 42 குறைந்துகொண்டே போகும். பி-டாவ் 217 அவ்வளவாகக் குறையாது. இப்போது வகுத்துப் பாருங்கள். மேலே உள்ள எண் அப்படியே நிற்க, கீழே உள்ள எண் குறைந்தால் விகிதம் ஏறும். அதாவது நோய் இல்லாதவருக்கு நோய் இருப்பதுபோல ரிப்போர்ட் வரும். கருவி பழுது இல்லை, ரசாயனம் பழுது இல்லை, குழாய் வெயிலில் மூன்று மணி நேரம் பைக் டிக்கியில் சுற்றியதுதான் காரணம். அமிலாய்டுக்கு ஒட்டும் குணமும் உண்டு. குழாயைக் குழாய்க்கு மாற்றும்போதெல்லாம் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு குறையும். அதனால்தான் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சித்திரை மாதம் நடந்தது. வெளியூர் கலெக்‌ஷன் சென்டரிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் ஐஸ் பை வெந்நீர் ஒத்தடப் பை மாதிரி இருக்கிறது. உள்ளே இருந்தது அமிலாய்டு சாம்பிள் இல்லை, சாதாரண ஹார்மோன் சாம்பிள்தான். "ரிஜக்ட் பண்ணுங்க" என்றேன். "பேஷன்ட் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கார் சார், மறுபடி எப்படிக் கூப்பிடுறது?" என்றார்கள். அன்றைக்குச் சண்டை போட்டு நிராகரித்தேன். எல்லா நாளும் எல்லா லேபிலும் யாராவது சண்டை போடுவார்கள் என்று நம்ப வேண்டாம். பரிசோதனை எடுக்கிற நாள் வந்தால், ரத்தத்தை எங்கே சுற்றுகிறார்கள், எத்தனை மணிக்குள் சுற்றுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற லேபை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அம்மாவின் கிரியாட்டினின். 71 வயதுப் பெண்ணுக்கு 1.6 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரத்தத்திலிருந்து இந்தச் சிறு புரதத் துணுக்குகளை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது சுணங்கினால் பி-டாவ் ரத்தத்தில் தேங்கி ஏறும், மூளையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏறும். பாஸ்பேட் ஒட்டிய டாவை ஒட்டாத டாவால் வகுத்துப் பார்க்கும் முறையில் இந்தப் பிழை குறைகிறது, ஏனென்றால் இரண்டுமே சேர்ந்து தேங்கும். ஆகவே அம்மாவுக்கு எடுப்பதானால் எந்த முறை என்பது ரொம்ப முக்கியம். உடல் எடையும் இதில் வரும். குண்டானவர்களுக்கு ரத்த அளவு அதிகம், அதனால் அளவு குறைத்துக் காட்டும். இதய பலவீனத்துக்குத் தரும் சாகுபிட்ரில் கலந்த மாத்திரை, அமிலாய்டைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்தே தடுப்பதால், 42/40 விகிதத்தைக் குலைத்துவிடும். பி-டாவ் 217 அதில் தப்பிவிடுகிறது. தசையும் நரம்பும் தேயும் ஏஎல்எஸ் நோயிலும் பி-டாவ் ஏறும், அங்கே அது தசையிலிருந்து வருகிறது. இன்னும் ஒரு வேடிக்கை: 2025-ல் வந்த ஆய்வு ஒன்றில், பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் பி-டாவ் 217 அல்சைமர் நோயாளிகளைவிட அதிகமாக இருந்தது. வளரும் மூளையின் வேலை அது. சில மாதங்களில் இறங்கிவிடுகிறது. எண் மட்டும் ரிப்போர்ட்டில் வந்தால், அது யாருடைய ரத்தம் என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அல்சைமர் தவிர மற்ற மறதிநோய்களுக்கு ரத்தத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொன்னால், குறைவு. நியூரோஃபிலமென்ட் லைட் என்ற புரதம் நரம்பு இழைகள் சிதையும்போது ரத்தத்துக்கு வரும். எங்கே சிதைகிறது, ஏன் சிதைகிறது என்று சொல்லாது. பக்கவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஏஎல்எஸ், தலையில் அடி, எதிலும் ஏறும். வயது ஏறினாலே ஏறும். ஐம்பதுகளில் ஒருவர் திடீரென்று குணம் மாறிப்போனால், அது மனநலக் கோளாறா, மூளையின் முன்பகுதி தேயும் நோயா என்று பிரிக்க இது உதவுகிறது. மனச்சோர்வில் இது பெரிதாக ஏறாது. ஜிஎஃப்ஏபி என்ற இன்னொரு புரதம் மூளையின் துணைச் செல்களிலிருந்து வருகிறது. அமிலாய்டு படிவின் தொடக்கத்திலேயே ஏறும், தலையில் அடிபட்டாலும் ஏறும். லூயி பாடி மறதிநோய்க்குக் காரணமான ஆல்ஃபா சைனியூக்ளீன் புரதத்தை இப்போதைக்கு முதுகு நீரிலும் தோல் துணுக்கிலும்தான் நம்பகமாகப் பார்க்க முடிகிறது. முன்மூளை நோயில் பாதிக்குக் காரணமான டிடிபி-43 புரதத்துக்கு நம்பி எடுக்கும்படியான ரத்தப் பரிசோதனை இல்லை. ரத்தக் குழாய் அடைப்பால் வரும் மறதிக்கு எம்ஆர்ஐதான்.

பெரிய வலை வீசியும் பார்த்தார்கள். பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டத்தில் சேமித்த 52,645 பேர் ரத்தத்தில் 1,463 புரதங்களை அளந்து, பின்னாளில் மறதிநோய் வந்த 1,417 பேரை வைத்து எது முன்கூட்டிச் சொன்னது என்று ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு 2024-ல் வெளியிட்டது. ஜிஎஃப்ஏபி, நியூரோஃபிலமென்ட் லைட், ஜிடிஎஃப்15, எல்டிபிபி2 ஆகிய நான்கும் மேலே வந்தன. ஜிஎஃப்ஏபி பத்து வருடத்துக்கும் முன்னாலேயே ஏறியிருந்தது. ஆராய்ச்சிக்கு அற்புதமான வேலை. ஆனால் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் கணக்கு அது. தனி ஒருவர் கையில் ரிப்போர்ட்டாகக் கொடுக்கும் நிலைக்கு அது வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். 43 வயது, மறதி இல்லை, பயம் மட்டும் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். நோய் இருப்பவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் ஒரு நல்ல பரிசோதனை. மறதிக்காக நிபுணரிடம் வரும் 100 பேரில் 50 பேருக்கு அமிலாய்டு இருக்கிறது என்று வையுங்கள். 45 பேர் சரியான பாசிட்டிவ், 5 பேர் பொய்யான பாசிட்டிவ். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். இப்போது மறதியே இல்லாத 50 வயதுக்காரர்கள் 100 பேரை எடுங்கள். 2015-ல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி அந்த வயதில் 10 சதவீதம் பேருக்குத்தான் அமிலாய்டு இருக்கும். 9 பேர் சரியான பாசிட்டிவ். மீதி 90 பேரில் 9 பேர் பொய்யான பாசிட்டிவ். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். குழாய் அதே, கருவி அதே, பாசிட்டிவ் என்ற சொல்லின் மதிப்பு மட்டும் பாதியாகிவிட்டது.

அந்தச் சரியான 9 பேருக்கும் என்ன சொல்வது? அமிலாய்டு இருந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு. அதே தொகுப்பாய்வில், மறதி இல்லாத 90 வயதுக்காரர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலாய்டு இருந்தது. இருபது வருடம் முன்னால் ஏறும் என்றேனே, அந்த இருபது வருடத்தை ஒரு ரிப்போர்ட்டோடு நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள்? சாவியை எங்கே வைத்தோம் என்று ஒரு நாள் தேடினாலும் அது நோயாகத் தெரியும். அறிகுறி இல்லாதவர்களுக்குக் கொடுக்க இன்றைக்கு மருந்தும் இல்லை. அதற்கான பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. உங்களிடம் பி.பி., சர்க்கரை, காது கேட்கும் திறன் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். மூன்றுமே, மறதிநோய்க்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் பட்டியலிட்ட 14-ல் இருக்கின்றன.

அம்மாவிடம் திரும்புவோம். முதலில் பார்க்க வேண்டியது பி12. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையும். 15 வருடம் சின்னக் காலம் இல்லை. அதோடு தைராய்டு, சோடியம், கால்சியம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை. மெட்ஃபார்மினோடு கிளிபென்கிளமைடு மாதிரி வேறு சர்க்கரை மாத்திரை ஏதும் போகிறதா என்று பாருங்கள். சிறுநீரகம் சுணங்கியவருக்கு அவை உடம்பில் தங்கிச் சர்க்கரையை இறக்கிவிடும். விடிகாலையில் சர்க்கரை இறங்கி இறங்கி, காலையில் குழம்பிப்போய் எழுந்திருப்பவர்களை மறதிநோய் என்று நினைத்துவிடுவதுண்டு. நீங்கள் சொன்ன உப்பு விஷயம் காலைச் சமையலிலா, இரவிலா? கவனித்துப் பாருங்கள்.

அப்புறம் மருந்து டப்பாவை மேசையில் கொட்டுங்கள். அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கிப் போடும் குளோர்பெனிரமின், சிறுநீரை அடக்க முடியாததற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், கால் எரிச்சலுக்கு இரவில் தரும் அமிட்ரிப்டிலின், தூக்க மாத்திரை. இவை ஒவ்வொன்றும் வயதானவர்களின் நினைவை மங்கவைக்கும், இரண்டு மூன்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, அப்பா போன பிறகு பேச்சு குறைந்துவிட்டதா, தூக்கம் எப்படி என்பதெல்லாம் அதே வரிசையில் வரும். ஒரு மூளை ஸ்கேன் அவசியம். சமீபத்தில் எங்காவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் மெதுவாக ரத்தம் கட்டி இப்படித் தெரியலாம், அதை அறுவை சிகிச்சையில் சரிசெய்துவிடலாம்.

இதில் எதுவும் சிக்கவில்லை, நினைவுச் சோதனையில் குறைவு உண்மையென்று நரம்பியல் மருத்துவர் சொல்கிறார் என்றால், அப்போது ரத்தப் பரிசோதனை எடுங்கள். அந்த இடத்தில் அதன் மதிப்பு பெரிது. அமெரிக்க அல்சைமர் சங்கம் 2025 ஜூலையில் கொடுத்த வழிகாட்டுதலும் இப்படித்தான் சொல்கிறது: நிபுணர் கண்காணிப்பில், நினைவுக் குறைவு உறுதியானவர்களுக்கு. நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன் 90 சதவீதமும் இல்லாதவரை விடும் திறன் 75 சதவீதமும் இருந்தால் முதல்கட்ட வடிகட்டலுக்கு; இரண்டுமே 90 இருந்தால் ஸ்கேனுக்குப் பதிலாகவே. நெகட்டிவ் வந்தால் அல்சைமரை ஒதுக்கிவிட்டு வேறு காரணம் தேடலாம். பாசிட்டிவ் வந்தால், அம்மாவின் சிறுநீரக நிலையில், அதை அப்படியே ஏற்காமல் இன்னொரு வழியில் உறுதிசெய்யச் சொல்வார்கள். உறுதியானாலும் அமிலாய்டு மட்டுமே காரணம் என்று ஆகாது. 70-ஐத் தாண்டிய மூளையில் ரத்தக்குழாய் கோளாறும் அமிலாய்டும் ஒரே வீட்டில் குடியிருப்பது சகஜம்.

பாசிட்டிவ் வந்தால் மருந்து உண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். அமிலாய்டை அகற்றும் லெகனிமாப் என்ற மருந்தை 1,795 பேருக்குப் பரிசோதித்தார்கள். 18 மாதத்தில், மறதிநோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் 0.45 புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 27 சதவீதம் மெதுவாகச் சரிந்தது. எண் உண்மைதான், வீட்டில் உள்ளவர்கள் கண்ணுக்கு அது தெரியுமா என்பதில் மருத்துவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள், இடையிடையே எம்ஆர்ஐ, எட்டில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் தெரிந்தது, பெரும்பாலும் தொந்தரவு இல்லாமல். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர் மறதிநோயோடு இருப்பதாக, நம் நாட்டு முதியோரிடம் நடந்த லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு மருந்தின் பக்கத்தில் போக முடியும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், இன்றைக்கு நம் வீடுகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனையால் கிடைக்கும் பெரிய லாபம் மருந்து அல்ல. இது என்ன என்று பெயர் தெரிவதும், பத்திரம், பேங்க், நகை எல்லாவற்றையும் அம்மா தெளிவாக இருக்கும்போதே அவர் சொல்லும்படி எழுதிவைத்துக்கொள்ள நேரம் கிடைப்பதும்தான்.

போகிற நாளைக்கு முன்னால் ஒரு வாரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு எதை மறந்தார், ஞாபகப்படுத்தினால் வந்ததா வரவில்லையா, அன்றைக்கு என்ன மாத்திரை, சர்க்கரை எவ்வளவு. மருத்துவர் கேட்கும் முதல் பத்து நிமிடக் கேள்விக்கும் அதில் பதில் இருக்கும். பி12 அளவு வந்ததும் எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதுங்கள், லேபுக்கு லேப் அலகு மாறும்.